கடன் யாருடைய ஏட்டில்?

1936-இல் டென்மார்க்கின் நில அதிர்வு ஆய்வாளர் இங்கே லேமான் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பு ஓர் ஆங்கில எழுத்து, அதன் தலையில் ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். இன்றைய தேடுபொறியில் அதைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. 1929 ஜூனில் நியூசிலாந்தில் நேர்ந்த நிலநடுக்கத்தின் அலைகள் பூமியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் ரஷ்யாவின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க், இர்குட்ஸ்க் நிலையங்களில் பதிவாகியிருந்தன. அலைகள் எட்டவே கூடாத ‘நிழல் மண்டலம்’ என்று கருதப்பட்ட தொலைவுகளிலும் மெல்லிய துடிப்புகள் தென்பட்டன. விளிம்பில் வளைந்து வந்த அலைகளாக இருக்கும் என்று மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். லேமானுக்கு அது போதவில்லை. திரவக் கருவுக்குள் இன்னொரு கரு இருந்து, அதில் பட்டுத் திரும்பினால்தான் இந்த நேரக்கணக்கு பொருந்தும் என்று காட்டினார். நிலநடுக்கக் குறிப்புகளை அட்டைகளில் எழுதி, ஓட்ஸ் வந்த காலி அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்துக்கொண்டு அவர் போட்ட கணக்கு இது. இன்று எந்தப் பாடநூலைத் திறந்தாலும் பூமியின் வெட்டுத்தோற்றப் படத்தில் ‘உட்கரு’ இருக்கிறது. அவர் பெயர் பெரும்பாலும் இல்லை.

இங்கேதான் பழைய கேள்வி புது உடையில் வருகிறது: செயலின் பயன் எது, அது யாருக்குச் சொந்தம்? நம் காலம் இதற்கு ஓர் எண்ணைப் பதிலாக வைத்திருக்கிறது. ஒருவர் கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதே அவர் ‘தாக்கம்’. 2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த எச் குறியீட்டெண் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது சுட்டப்பட்டிருந்தால் எண் பத்து. ஒரே கட்டுரையை ஆயிரம் பேர் சுட்டினாலும் அந்தக் கட்டுரை தரும் பங்கு ஒன்றுதான். உட்கருவைக் கண்டது இந்தக் கணக்கில் ஒன்று. ‘பயனில் பற்று வைக்காதே’ என்று கீதையைக் காட்டி ஆறுதல் சொல்வது எளிது. ஆனால் அது கேள்வியைத் தட்டிக்கழிப்பது. பூமியின் நடுவில் என்ன இருக்கிறது என்பதில் பற்று வைக்காமல் ஒருவர் ஏன் இரவெல்லாம் கணக்குப் போட வேண்டும்? பற்று வேண்டியதுதான். புகழைப் பயன் என்று எண்ணிக்கொண்டதே பிழை.

திருக்குறளில் ஒப்புரவறிதல் ஓர் அதிகாரம், செய்ந்நன்றியறிதல் வேறோர் அதிகாரம். முன்னது கொடுப்பவனைப் பற்றியது. கைம்மாறு அவன் கணக்கிலேயே வராது. பின்னதன் பாரம் பெற்றவன் தலையில். மேற்கோள் இந்த இரண்டாவது வகை. ‘இதை இன்னாரிடமிருந்து எடுத்தேன்’ என்று வாங்கியவன் எழுதித்தரும் கடன்சீட்டு அது. அதைக் கொடுத்தவனின் சொத்துப் பட்டியலில் சேர்த்துக் கூட்டுவது, என் நன்றியை உன் குணமாக எண்ணுவதற்குச் சமம். நான் மறந்தால் குறைவது நீயல்ல, நான். கருத்து எல்லோர்க்கும் பொதுவாகிவிட்டபின் அதன் மூலத்தைச் சுட்டுவதே நின்றுபோகும் என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் எடுத்துக்காட்டியிருக்கிறார். அப்படியானால் முழுமையாக வென்ற கண்டுபிடிப்புக்குத்தான் மேற்கோள் குறையும். குறுந்தொகைப் புலவர் ஒருவரின் பெயர் தொலைந்து, பாட்டில் வரும் உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். பெயர் தொலைந்ததால் பாட்டின் எடை குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. ஆய்வுக்குத் தரும் பணம் குறைவு, கேட்பவர் பலர்; எண் இல்லாவிட்டால் வேண்டியவர், வேண்டாதவர் பார்த்துத்தானே கொடுப்பார்கள்? இது வலுவான மறுப்பு. சிபாரிசின் கொடுமை அறிந்தவர்கள் இதை லேசாகத் தள்ள மாட்டார்கள். ஆனால் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை 1955-இல் யூஜின் கார்ஃபீல்ட் முன்வைத்தபோது முதன்மையான நோக்கம், ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போயிற்று என்று தடம் பிடிப்பது. தடம் பார்க்கும் விளக்கைத் தராசாக்கியது பிற்காலம். லேமானுக்குத்தான் கடைசியில் மரியாதை கிடைத்ததே என்பார்கள் சிலர். கிடைத்தது: 1969-இல் ராயல் சொசைட்டியின் வெளிநாட்டு உறுப்பினர், 1971-இல் அமெரிக்கப் புவியியற்பியல் ஒன்றியத்தின் போவி பதக்கம். அப்போது அவர் எண்பது வயதைக் கடந்திருந்தார். 104 வயதுவரை வாழ்ந்தவர் என்பதால் காத்திருக்க முடிந்தது. அந்தப் பதக்கமும் அவர் வேலை என்ன என்று தெரிந்தவர்கள் தந்தது. கூட்டிக் கழித்து வந்ததல்ல.

என் வாதத்துக்கு உண்மையில் இடறும் கல் லாரன்ஸ் மார்லி. கடலடித் தரையின் காந்தப் பட்டைகள், தரை விரிய விரியப் பதிவான காந்தப்புல மாற்றங்கள் என்று இந்தக் கனடியப் புவியியற்பியலாளர் 1963-இல் எழுதினார். இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. அதே ஆண்டு செப்டம்பரில் அதே கருத்தை வைன், மேத்யூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். மார்லியிடம் அவர்கள் எதையும் வாங்கவில்லை. ஆகவே கடனும் இல்லை, நன்றியும் இல்லை, எண்ணுவதற்கு ஒரு மேற்கோளும் இல்லை. ஆனாலும் இன்று பலர் அதை வைன்–மேத்யூஸ்–மார்லி கருதுகோள் என்றே எழுதுகிறார்கள். திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கட்டுரையின் கதையைக் கேட்டறிந்து, மூன்றாவது பெயரைக் கையால் சேர்த்திருக்கிறார்கள். இதை நன்றி என்று சொல்ல முடியாது. நீதி என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு என் ஏட்டில் தனிப் பக்கம் திறக்க வேண்டியிருக்கிறது.