சிரிப்பு யார் கணக்கில்?

மேடையில் ஒருவர் தன் வீட்டுக் குழந்தை சொன்னதை எடுத்துச் சொல்கிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நீங்களும் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்த நேரத்தில் அந்தக் குழந்தை எங்கே உட்கார்ந்திருந்தது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

நான் யோசித்ததில்லை. என் மகள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரி வரைக்கும்.

ஓசூரில் எங்கள் குடியிருப்பில் பொங்கல் விழா. ஷாமியானா, கோலப் போட்டி, மியூசிக்கல் சேர் எல்லாம் முடிந்து கடைசியில் நகைச்சுவைப் பட்டிமன்றம். 'வீட்டில் அதிகம் அடம்பிடிப்பது பெரியவர்களா, குழந்தைகளா?' என்பது தலைப்பு. பேச ஆள் குறைகிறது என்று பத்திரிகைக்காரனான என்னையும் மேடையேற்றிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது 'பெரியவர்களே' அணி.

ஓசூரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1980-ல் டிவிஎஸ் 50 பிறந்த ஊர் இது. லேலண்ட் லாரி, டைட்டன் வாட்ச் என்று கம்பெனி சங்கை வைத்துத்தான் ஊரே நேரம் பார்க்கும். இங்கே குழந்தைகள் 'அ, ஆ'வோடு சேர்த்தே ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட்டையும் படித்துவிடும். "சத்தம் போடாதே, அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுத் தூங்கறார்" என்பதுதான் பல வீடுகளில் காலை வணக்கம்.

எனக்கு ஷிஃப்ட் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒருநாள் வந்து கேட்டாள்: "அப்பா, மத்த அப்பாங்களுக்கெல்லாம் ஷிஃப்ட் இருக்கு. எப்ப வீட்ல இருப்பாங்கன்னு தெரியுது. நீ வீட்லயேதான் இருக்கே, ஆனா போன்லயே இருக்கே. என்கிட்ட பேசறதுக்குன்னு ஒரு ஷிஃப்ட் போட்டுக் குடேன்."

சிரித்தேன். "போட்டுட்டாப் போச்சு கண்ணு" என்றேன். மறுபடி போனை எடுத்துக்கொண்டேன்.

பட்டிமன்றத்தில் அதைத்தான் எடுத்துவிட்டேன். 'ஓவர்டைம் பேசினா டபுள் சம்பளம் தரணும்னு வேற சொன்னாங்க!' என்று நானாக ஒரு வரியையும் ஒட்டினேன். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மாடிப்படி ஏறும்போது அவள் கேட்டாள். "அதை உன்கிட்ட மட்டும்தானேப்பா சொன்னேன்?"

நான் பி.காம். படித்தவன். அங்கே முதல் பாடமே, ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியாக வேண்டும் என்பதுதான். கைதட்டல் என் பெயரில் வரவு. சரி, பற்று யார் பெயரில்?

பட்டிமன்றத்தைக் குறை சொல்ல வரவில்லை. 'பட்டிமண்டபம்' மணிமேகலையிலேயே இருக்கிறது. அங்கே வாதம் செய்தவர்கள் சமயவாதிகள். அதை நம் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் போதித்த சாலமன் பாப்பையாவும் திண்டுக்கல் லியோனியும் போன்றவர்கள். பண்டிகை நாளில் டி.வி. முன்னால் உட்கார்ந்து, மாமியாரும் மருமகளும் அப்பாவும் பிள்ளையும் ஒரே ஜோக்குக்குச் சிரித்த வீடுகள் எத்தனை!

ஆனால், அந்த மேடையின் அமைப்பைக் கவனியுங்கள். நடுவில் நடுவர். இரண்டு பக்கமும் பேச்சாளர்கள். பெரும்பாலும் குழந்தைகளுக்காக வாதாடுகிறவரும் பெரியவர்தான். குழந்தை அங்கே மேற்கோளாக மட்டுமே மேடையேறுகிறது. 2006-ல் விஜய் டி.வி.யில் தொடங்கிய 'நீயா நானா' இதைக் கொஞ்சம் மாற்றியது. பெற்றோர் ஒரு பக்கம், பிள்ளைகள் எதிர்ப்பக்கம் என்று உட்கார வைத்தால், அம்மா சொல்வதை அங்கேயே மறுத்துப் பேச பிள்ளையின் கையிலும் மைக் இருக்கும்.

இன்னொரு மேடையும் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். ராத்திரி பூராவும் விழித்துக்கொண்டு முன்வரிசை மண்ணில் உட்கார்ந்திருப்பது சின்னப் பசங்கள்தான். கட்டியங்காரன் ராஜாவை நேருக்கு நேர் கிண்டல் செய்யும்போது முதல் சிரிப்பு அங்கிருந்துதான் வரும். காரணம், கேலிக்கு ஆளாவது கிரீடம் வைத்தவன். கீழே இருப்பவன் மேலே இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

"நானும் என்னைத்தானே கிண்டல் பண்ணிக்கிட்டேன்? போனைப் பிடிச்சுக்கிட்டு அலையற அப்பாவைத்தானே மாட்டிவிட்டேன்?" என்று மகளிடம் வாதாடிப் பார்த்தேன். நியாயமான வாதம் மாதிரிதான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. கட்டியங்காரன் பேசுவது அவனுடைய வார்த்தை. உதை விழுந்தாலும் அவனுக்குத்தான் விழும். நான் பேசியது என் வார்த்தை இல்லை. என்னை நம்பி ஒருத்தி கொடுத்து வைத்தது.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. விழா முடிந்ததும் பக்கத்து பிளாக்காரர் ஒருவர் வந்தார். கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். "சிரிச்சேன் சார். ஆனா, என் பொண்ணும் இப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருப்பாளோன்னு இருக்கு. நாளைக்கு எனக்கு செகண்ட் ஷிஃப்ட். காலைல அவகூட கொஞ்சம் உட்காரணும்" என்றார். ஆக, என் ஜோக்கால் ஒரு வீட்டுக்கு நல்லது நடந்திருக்கிறது. நல்லது நடந்தால் தப்பு சரியாகிவிடுமா?

ஆகாது என்றுதான் நினைக்கிறேன். லாபம் வந்துவிட்டது என்பதற்காக, முதல் யாருடையது என்ற கேள்வி மறைந்துவிடாது. கேட்காமல் எடுத்த முதலில் தர்மம் செய்தாலும், கேட்காமல் எடுத்தது எடுத்ததுதான்.

1989-ல் ஐ.நா. சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. அதன் 12-வது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. பெரிய பெரிய வார்த்தைகள். தமிழில் இதைச் சொல்ல ஒரே சொல் போதும்: கேட்பது. கேள்வி கேட்பதும் அதுதான், காது கொடுத்துக் கேட்பதும் அதுதான். அவள் கேட்டாள். நான் கேட்கவில்லை.

'அப்படியென்றால் இப்போது பத்திரிகையில் எழுதுகிறாயே, இது மட்டும் என்ன?' என்று நீங்கள் மடக்கலாம். மடக்க வேண்டும்.

அவள் இப்போது பத்தாம் வகுப்பு. அச்சுக்கு அனுப்பும் முன் இதை அவளிடம் படித்துக் காட்டினேன். "ஓவர்டைம் நான் கேட்கலை, அது உன் சரக்குன்னு தெளிவா போட்டுடு" என்றாள். அது முதல் திருத்தம். அப்புறம், "அவங்க சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கே. நான் ஏன் கேட்டேன்னு எழுதலையே?" என்றாள்.

எனக்குத் தெரியாதே! நாலு வருஷம் கழித்து அன்றுதான் கேட்டேன். "ஏம்மா கேட்டே?"

அந்த வாரம்தான் அவள் பக்கத்தில் உட்காரும் தோழி, அப்பாவுக்கு வேலை மாறியதால் பெங்களூரு போய்விட்டாளாம். சுமார் 40 கிலோமீட்டர். நமக்கு அத்திப்பள்ளி தாண்டினால் அடுத்த மாநிலம், அவ்வளவுதான். பதினோரு வயதுக்கு அது அடுத்த உலகம். அதைச் சொல்லி அழத்தான் ஒரு ஷிஃப்ட் கேட்டிருக்கிறாள். நான் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையேறிவிட்டேன்.

உங்கள் வீட்டுக் குழந்தையும் இந்த வாரம் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லும். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், வாட்ஸ்அப்பில் சித்தப்பாவுக்கு அனுப்புவதற்கு முன்னால், அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டுவிடுங்கள்.

"ஏம்மா கேட்டே?"