சான்றுக்குச் சான்று யாது?

ஒரு பொருளின் தன்மையை நாமே அறிய இயலாதவிடத்து, அறிந்தவர் எனப்படுவோரின் சொல்லை நம்புகின்றோம். அவர் நம்பத்தக்கவர் என்பதை எதனைக் கொண்டு துணிவது? இவ்வினா தத்துவ வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. கொழும்புச் செட்டியார் தெருவில் நகையும் கல்லும் வாங்குவோர் அனைவருக்கும் உரியது.

பொன்னின் மாற்றை உரைகல் காட்டிவிடும். நீலக்கல்லின் நிலை வேறு. பால்போல் மங்கிய கெவுடாக் கல்லை உயர்வெப்பத்திற் சுட்டு நீலமாக்கும் முறை, 1970களில் தாய்லாந்து வணிகரால் பெருவழக்காயிற்று. சுடாத கல்லுக்கும் சுட்ட கல்லுக்கும் விலையிற் பெருவேறுபாடு உண்டு. வெறுங்கண்ணுக்கோ அது புலப்படுவதில்லை. கல்லினுள் ஊசிபோல் அமைந்த நுண்படிகங்கள் வெப்பத்தாற் சிதைந்தனவா என்பது போன்ற தடயங்களை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தே முடிவு கூறல் வேண்டும். ஆகவே ஆய்வுகூடச் சான்றிதழ் இன்றியமையாததாயிற்று. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை ஒருபுறமிருக்க, தனியார் ஆய்வுகூடங்களும் உள. பலகாலச் சேமிப்பைக் கொடுத்துக் கல் வாங்கும் வத்தளைக் குடும்பமொன்று, அதிகம் அறியப்படாத கூடத்தின் சான்றிதழை எவ்வாறு மதிப்பது?

பெயர்பெற்றவரையே நம்புக என்பது எளிய விடை. ஆயின் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நம்பியதும் பெயர்பெற்ற அரண்மனைப் பொற்கொல்லனையே. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவனே சான்று கூறினான். அதனைச் சோதியாது ஏற்றமையாற் கோவலன் மாண்டான். அரசியின் சிலம்பிலுள்ளது முத்து, கண்ணகியின் சிலம்பிலுள்ளது மாணிக்கம் என்ற வேறுபாட்டை, சிலம்பை உடைத்துக் காட்டி நிறுவியவள் அவ்வூரில் எவரும் அறியாத பெண். நம் காலத்தும், உலகப் புகழ்வாய்ந்த அமெரிக்க இரத்தினவியல் நிறுவனத்தில், வணிகரிடம் கையூட்டுப் பெற்று வைரங்களின் தரத்தை உயர்த்தியதாக எழுந்த குற்றச்சாட்டையடுத்து, நியூயோர்க் ஆய்வுகூட ஊழியர் சிலர் 2005இல் நீக்கப்பட்டனர். எனவே பெயர் நம்பிக்கைக்கு ஒரு தொடக்கமாகலாம், முடிவாகாது.

பெயர் போதாதெனின் நோக்கவேண்டியவை மூன்று என்பது என் கருத்து. ஒன்று, ஒரே கல்லை முந்தைய சான்றிதழைக் காட்டாது மீண்டும் கொடுக்கும்போதும், வேறொரு கூடத்துக்கு அனுப்பும்போதும் அதே முடிவு கிடைக்கின்றதா? இரண்டு, பிழை நேரின் அது எத்திசையிற் சாய்கின்றது? இருபுறமும் சாயும் பிழை மனித இயல்பு. என்றும் விற்பவன் பக்கமே சாய்வது இயல்பன்று. ஐரோப்பிய இரத்தினவியல் ஆய்வுகூடம் என்ற பெயரில் வழங்கிய தரச்சான்றுகளை, ரப்நெட் என்னும் இணையவழி வைரச் சந்தை 2014 ஒக்டோபரில் விலக்கியமைக்குத் தரத்தை மிகைப்படுத்தல் என்னும் இக்குற்றச்சாட்டே காரணமாயிற்று. மூன்று, முடிவுக்குரிய ஆதாரத்தைக் கூறுகின்றதா? துணிய முடியாதவிடத்து, முடியவில்லை என எழுதும் நேர்மை அதற்குண்டா?

இங்கே அறத்தின் சிக்கல் ஒன்று உளது. ஆய்வுக்குக் கட்டணம் கொடுப்பவன் பெரும்பாலும் விற்பவன். முடிவை நம்பிப் பணம் கொடுப்பவன் பிறிதொருவன். ஆய்வாளன் தன் எதிரே நிற்காத, தனக்கு ஒரு சதமும் கொடாத அம்மனிதனுக்கே கடமைப்பட்டவன். அக்கடமையை உணராத கூடம் எத்துணைக் கருவிகள் உடைத்தாயினும் சான்றளிக்கும் தகுதியற்றது.

அவ்வாறெனின் அறியப்படாதவற்றை அடியோடு ஒதுக்குதல் தகுமோ? தகாது. இன்று புகழ்பெற்ற கூடம் ஒவ்வொன்றும் ஒருநாள் எவரும் அறியாததாய் இருந்ததே. ஆராயாது நம்புதல் வாங்குவோனுக்கு இழப்பு. ஆராயாது மறுத்தல் நேர்மையாளனுக்கு அநீதி. பல்கலைக்கழக மாணவராகிய நமக்கு இது அயலார் வழக்கன்று. நாம் பெறவிருக்கும் பட்டமும் கடல் கடந்தால் அதிகம் அறியப்படாத நிறுவனமொன்றின் சான்றிதழே. அதன் பெயரை மட்டும் பார்த்து நம்மை ஒதுக்காது, நம் கல்வியைச் சோதித்து மதிக்குமாறு உலகை வேண்டுகின்றோம். அந்நீதியைப் பிறருக்கு வழங்கவும், அச்சோதனைக்கு நாம் ஈடுகொடுக்கவும் கடப்பாடுடையோம்.