மனைபுகு மருத்துவமும் வினைக்கொள்கையும்

பிறர் நோய் தீர்க்கப் புகுந்தார் தாமே அந்நோய்க்கு ஆளாதலும், தம்மை அறியாமலே அதனைப் பிறர்க்கு ஏற்றுதலும் கொள்ளைநோய்க் காலத்து நிகழ்வன. இவ்விடத்து வினை யாருடையது, கடமை யாருடையது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கோவிட் நோயைப் பெருந்தொற்று என உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11-இல் உரைத்தது. அந்நோய் தணியாதிருந்த 2021 ஆகஸ்ட் 5-இல், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடுதோறுஞ் சென்று இரத்தக்கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்து தருதலும், செவிலியர் படுக்கையிற் கிடப்பாரைப் பேணுதலும் அதன் பணிகளாம். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே சுவேதநதி பாயும் கெங்கவல்லி போன்ற பகுதிகளில், நடக்கலாற்றா முதியோர்க்கு இஃது எத்துணை உதவி என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆயினும் இவ்வுதவியினுள்ளே ஓர் இடர் உளது. அந்நோய் மூச்சின்வழிப் பரவுவது. காற்றோட்டமில்லாச் சிற்றறையிற் செறிந்து நிற்பது. காய்ச்சல் தோன்றுமுன்னரே அடுத்தவரைப் பற்றுவது. முதியோரையும் நீரிழிவு முதலியன உடையாரையுமே அது மிகக் கொடிதாய் வருத்தும். மனைபுகு மருத்துவம் நாடிச் செல்வதும் அவர்களையேயாம். இரத்த அழுத்தம் பார்ப்பவர் எட்டநின்று பார்த்தல் இயலாது. ஒருநாளிற் பல மனை புகுவார் ஒரு மனையின் நோயை மறுமனைக்குக் கொண்டுசெல்லுதலும் கூடும்.

நோவும் சாவும் பிராரத்தமாதலின் முகக்கவசம் என்செய்யும் என்பாரும் உளர். அது பொருந்தாது. திருக்கொடிமாடச் செங்குன்றூராகிய திருச்செங்கோட்டில் உடன்வந்த அடியாரைக் குளிர்சுரம் பற்றியபோது, ஆளுடைய பிள்ளையார் 'வினைப்பயன்' என்று வாளா இருந்தாரல்லர். திருநீலகண்டப் பதிகம் அருளிச் சுரம் தீர்த்தனர். வினையென்று அறிந்தும் உய்யும் வழி நாடாமை குற்றமாம் என்பது அப்பதிகத்தாற் பெறப்படும். மேலும், நோயாளி நுகர்வது அவரது பிராரத்தமாயினும், அவர்பால் நாம் காட்டும் அசட்டை நமக்கு ஆகாமியமாய் ஏறும். பிறர் வினையைக் காட்டி நம் வினையை மறைத்தல் கூடாது.

அற்றேல், தொண்டு செய்வார் இடரைத் தாமே விரும்பி ஏற்றனராதலின் அஃது அவர்க்குப் புண்ணியமன்றோ எனின், கூறுதும். இடரை ஏற்றல் ஏற்பார்க்குப் புண்ணியமாகலாம். காக்க வல்லார் காவாது விடுத்தல் விடுத்தார்க்குப் பாவமேயாம். 2020 ஆகஸ்டில் நாட்டின் பல பகுதிகளில் 'ஆஷா' பணியாளர் வேலைநிறுத்தம் செய்து கேட்டவை பாதுகாப்புக் கருவிகளும் முறையான ஊதியமுமே. அவ்வாண்டு மார்ச்சில் நடுவணரசு சுகாதாரப் பணியாளர்க்கு 50 லட்ச ரூபாய்க் காப்பீடு அறிவித்தது, அது நன்றே. எனினும் உயிர் போயபின் வரும் பொருள் உயிரைக் காவாது. முன்னர்த் தரும் கவசமே காப்பாம்.

ஆகவே கடமை மூவர்பாலது. அனுப்புவார் கவசமும் தடுப்பூசியும் தருதல் வேண்டும். காய்ச்சலுற்ற நாளில் ஊதியம் குறையாமல் ஓய்வும் அளித்தல் வேண்டும். கூலி இழப்பாளென அஞ்சுவாள் காய்ச்சலை மறைத்துப் பணிக்கு வருதல் இயல்பாதலின், அவ்வச்சத்தை விளைத்தவர்க்கே அப்பழியிற் பெரும்பங்கு உண்டு. பணிபுரிவார், நோய்க்குறி தம்பாற் கண்டவழி மனைபுகாதிருத்தல் வேண்டும். மூன்றாமவர் மனையுடையார். மருத்துவமனையில் விதி ஆளும். மனையில் மனையுடையாரே ஆள்வர். வீட்டிற் காய்ச்சல் உண்டாயின் வாயிலிலேயே உரைத்தலும், சன்னலைத் திறந்துவைத்தலும், தாமும் முகக்கவசம் அணிதலும் அவர் கடன். வந்தவர் திண்ணையில் நின்றே மருந்து தருவராயின் அதனை அவமதிப்பெனக் கொள்ளற்க. காய்ச்சலை ஒளித்து அவரை உள்ளழைத்தல் பொய்யும் கொலையும் ஒருங்கு சேர்ந்ததாம்.

அடியார் வரின் வெயிலும் பசியும் தாக்காது பேணுதல் சைவர் மனையறம். பிறருயிர் பொருட்டு நம் வாயிலுக்கு வருவாரைக் கொடுநோய் தாக்காது பேணுதலும் அவ்வறத்தின் பாற்பட்டதே என்பது எமது துணிபு.