அழாத பிள்ளை

மூத்த மகள் பிறந்தபோது எங்கள் வீட்டில் பெருமைக்குக் குறைவிருக்கவில்லை. "பிள்ளை இருக்கிறதே தெரியல்லியே" என்று பதுளையில் அயலவர்கள் வியப்பார்கள். "தங்கமான பிள்ளை" என்பார் உம்மா. ஐந்தாம் மாதம் கிளினிக்கில் குடும்பநல மாது நிறைக் கோட்டைக் காட்டி, "இரண்டு மாசமா ஏறவேயில்லை. ராவில எத்தனை தரம் பால் குடிக்கிறா?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அவள் பசித்தும் அழவில்லை. அழாததால் நாங்கள் எழுப்பவுமில்லை.

இரண்டாவது மகன் நேர்மாறு. மஃரிபுக்குத் தொடங்கினால் இஷா தாண்டியும் ஓயமாட்டான். உம்மா தண்ணீர் ஓதிக் கொடுத்தார். மாமி தன் மகளின் சாப்பாட்டில் குறை கண்டார். நானோ, எழுதவே கூச்சமாக இருக்கிறது, "கெட்ட பிள்ளை" என்று அவன் காதுபடவே சொன்னேன். மூன்று மாதக் குழந்தைக்கு ஒழுக்கத் தீர்ப்பு! அந்தத் தங்கத்தையும் அந்தக் கெட்டதையும் நாங்கள் எங்கள் தூக்கத்தை வைத்தே நிறுத்தோம்.

1956இல் நியூயோர்க்கில் அலெக்சாண்டர் தோமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதியர் குழந்தைகளை ஆண்டுக்கணக்காக அவதானிக்கத் தொடங்கினர். இலகுவான பிள்ளை, சிரமமான பிள்ளை, மெதுவாக ஒட்டிக்கொள்ளும் பிள்ளை என அவர்கள் வகுத்தவை பின்னர் பிரபலமாயின. எந்தச் சுபாவமும் தன்னளவில் குற்றமல்ல, அதற்கும் வளர்ப்போரின் எதிர்பார்ப்புக்கும் பொருத்தம் உண்டா என்பதே கேள்வி என்றனர். இதை நான் பிற்காலத்தில்தான் படித்தேன். அதற்கு முன்பே ஒருவர் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்.

அந்நாட்களில் பசறைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்தேன். கீழே பிள்ளைக்காம்பரா. (இன்று பல தோட்டங்களில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று பலகை தொங்குகிறது. வாயில் வருவது பழைய பெயர்தான்.) கொழுந்து மலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் சேலைத் தொட்டில்களில் வரிசையாகக் கிடக்கும். ஆயாம்மா ஒருவரே. நாலைந்து பிள்ளைகள் வீறிட்டுக்கொண்டிருக்க, அவர் சத்தமேயில்லாத தொட்டிலுக்குப் போவதைக் கண்டு காரணம் கேட்டேன்.

"கத்துறவன் அவன் வேலய அவனே பாத்துக்குவான் சேர். பேசாமக் கூரையப் பாத்துக்கிட்டுக் கெடக்குதே, அதத்தான் மொதல்ல தூக்கணும்."

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. அதன் மறுபாதியை நாம் யோசிப்பதில்லை. 1974இல் கென்யாவின் மசாய் மக்களிடையே மார்ட்டன் டி வ்ரீஸ் என்பவர் இலகுவான குழந்தைகள் பத்தையும் சிரமமானவை பத்தையும் தெரிந்தெடுத்தார். கொடிய வரட்சி வந்தது. மீண்டும் போனபோது 13 குடும்பங்களையே அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. இலகுவான ஏழு குழந்தைகளில் ஐந்து இறந்திருந்தன. சிரமமான ஆறில் இறந்தது ஒன்றே. சிறிய தொகைதான், இதை ஒரு விதியாக்கிவிட முடியாது. ஆனாலும் எங்கள் மகளின் நிறைக் கோடு என் கண்முன் வந்து நின்றது.

வறியவர்களில், வற்புறுத்திக் கேளாதவர்களை அவர்களின் அடையாளங்களால் அறிந்துகொள்ளலாம் என்ற கருத்து பகரா அத்தியாயத்தில் வருகிறது. ஸக்காத் பற்றிய பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். தொட்டிலுக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

பிள்ளையின் சுபாவமறிந்து நடவுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்வது இலகு. மெதுவாக ஒட்டும் பிள்ளையென்றால், தாய் சில நாட்கள் காம்பராவில் கூட இருந்து, கொஞ்சங்கொஞ்சமாக விலக வேண்டும். ஆனால் கொழுந்து நிறை குறைந்தால் அவளுக்கு அரைப்பேர்தான். அப்படியானால் வளைந்துகொடுக்க வேண்டியது தாயா, பிள்ளையா, தோட்டமா? தாய்க்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆயாம்மா தோட்டத்துரையிடம் போய் நிற்கவில்லை. எவரிடமும் ஒட்டாத ஒரு பிள்ளைக்கு, தாய் முதல்நாள் உடுத்த சேலையைக் கழுவாமல் வாங்கித் தொட்டில் கட்டினார். அந்த வாடையில் அது உறங்கியதை நான் பார்த்தேன்.

மூத்தவள் இப்போது வேறு ஊரில் குடும்பமாக இருக்கிறாள். தொலைபேசியில் "ஒண்டுமில்ல வாப்பா, சுகமா இருக்கம்" என்பாள். நான் இரண்டாம் தரமும் கேட்கிறேன்.