பிறவாதோரின் தூதர்கள்

ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கை 1992இல் உருவானது. இன்றைய தலைமுறைக்காகவும் வருங்காலத் தலைமுறைகளுக்காகவும் புவியின் காலநிலையை நாடுகள் காக்க வேண்டும் என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. ஆனால் அந்த உடன்படிக்கையின் கீழ் ஆண்டுதோறும் கூடும் மாநாடுகளில் வருங்காலத் தலைமுறைகளுக்கு இருக்கை இல்லை, ஆட்சேபம் சொல்ல வாயும் இல்லை. இந்தக் குறையை ஓரளவேனும் ஈடுசெய்ய, இளைஞர்களைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துவரும் முயற்சிகள் இருபது ஆண்டுகளாக நடக்கின்றன. 2005இல் மான்ட்ரியல் மாநாட்டையொட்டி இளைஞர்கள் தமக்கென ஒரு மாநாடு கூட்டினார்கள். இளைஞர் அமைப்புகளின் கூட்டான ‘யங்கோ’ 2011இல் ஐ.நா.வின் முழு அங்கீகாரம் பெற்றது. இன்று சில நாடுகள் தம் அரசுக் குழுவிலேயே இளைஞர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. அவர்களுக்கான பயிற்சித் திட்டங்களும் பெருகியுள்ளன. வரைவை எப்படிப் படிப்பது, எந்தக் குழுவில் எந்தப் பொருள் விவாதிக்கப்படும், எப்போது குறுக்கிடலாம் என்பவை அங்கே கற்றுத்தரப்படுகின்றன. இவை தேவையானவைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்தியது அறம் சார்ந்த ஒரு கேள்வி: அந்த இளைஞர் யாருக்காக, எந்த உரிமையில் பேசுகிறார்? இதற்கு விடை தேடாத பயிற்சி நல்ல பேச்சாளர்களை உருவாக்கலாம். நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கத்தக்க பிரதிநிதிகளை உருவாக்காது.

‘நான் இளையவன், எதிர்காலம் என்னுடையது, ஆகவே பேசுகிறேன்’ என்பதே வழக்கமாகக் கிடைக்கும் விடை. அதில் நியாயம் உண்டு. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2021இல் அளித்த தீர்ப்பு இந்த நியாயத்தின்மீதே நின்றது. உமிழ்வுக் குறைப்பின் பெருஞ்சுமையை 2030க்குப் பின்னால் தள்ளிவைத்த அந்நாட்டுச் சட்டம், இன்றைய இளையோரின் வருங்காலச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று நீதிமன்றம் கண்டது. ஆனால் இந்த நியாயம் செல்லும் தூரம் குறைவு. 1992இல் ரியோ மாநாட்டில் உரையாற்றி உலகின் கவனத்தை ஈர்த்த கனடியச் சிறுமி செவர்ன் கல்லிஸ் சுசுகிக்கு அப்போது வயது 12. இன்று அவர் நாற்பதுகளின் நடுவில் இருக்கிறார். இளமை வெகுவிரைவில் கழிந்துவிடும்; கடல்மட்டமோ வரும் நூற்றாண்டுகளிலும் உயர்ந்துகொண்டே இருக்கும் என்கிறது அறிவியல். இருபது வயதுப் பெண் ஒருத்தி தன் வாழ்நாளின் நலனை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், 2200இல் வாழப்போகிறவர்களைப் பொறுத்தவரை அவளுக்கும் எழுபது வயது அமைச்சருக்கும் உள்ள வேறுபாடு சில பத்தாண்டுகள்தான். வயது ஒருவருக்கு அக்கறையைத் தரலாம். பிறர் பொருட்டுப் பேசும் தகுதியைத் தானாகத் தந்துவிடாது.

அந்தத் தகுதி பாதுகாவலர் என்ற பொறுப்பிலிருந்தே வர முடியும். 1993இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. காடுகளை வெட்ட அரசு வழங்கிய உரிமங்களை எதிர்த்துச் சிறுவர்கள் தொடுத்த வழக்கில், அவர்கள் தங்களுக்காக மட்டுமல்லாமல், இன்னும் பிறவாத தலைமுறைகளுக்காகவும் வழக்காடலாம் என்றது அந்நீதிமன்றம். தாய்தந்தையற்ற குழந்தையின் சொத்தைக் காக்க நியமிக்கப்பட்டவரின் நிலை போன்றது இது. அவர் அந்தச் சொத்தைத் தம் விருப்பப்படி செலவிட முடியாது. குழந்தையிடம் கேட்டு நடக்கவும் முடியாது. திருக்குறளின் ‘தூது’ அதிகாரத்துக்கு உரை செய்த பரிமேலழகர் தூதரை இரு வகையாகப் பிரிக்கிறார். சொல்லியனுப்பியதைச் சென்று சொல்பவர் ஒரு வகை. நிலைமையறிந்து தாமே வகுத்துச் சொல்பவர் இன்னொரு வகை. இரண்டாமவரையே அவர் உயர்த்திவைக்கிறார். பிறவாதோர் எந்தச் செய்தியையும் சொல்லியனுப்புவதில்லை. ஆகவே அவர்களின் தூதராகப் போகிறவர் வகுத்துச் சொல்பவராக இருந்தே தீர வேண்டும். தம்மை அனுப்பியவரிடம் திரும்பிச் சென்று ஒப்புதல் வாங்க வழியில்லாத தூதருக்கு அறிவும் தன்னடக்கமும் இருமடங்கு தேவை.

இன்னும் இல்லாதவர்களுக்கு உரிமை ஏது என்று தத்துவ நோக்கில் ஒரு மறுப்பு எழும். 1984இல் வெளிவந்த தம் நூலில் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் இதைக் கூர்மையாக முன்வைத்தார். நாம் இன்று எடுக்கும் பெரிய முடிவுகள், யார் யாரை மணப்பார்கள், எப்போது எந்தக் குழந்தை பிறக்கும் என்பதையே மாற்றிவிடுகின்றன. நிலக்கரியைத் தொடர்ந்து எரித்த உலகில் பிறக்கப்போகிறவர்கள், அதைக் கைவிட்ட உலகில் பிறந்திருக்கவே மாட்டார்கள். அப்படியானால் ‘எனக்குத் தீங்கு செய்தீர்கள்’ என்று அவர்கள் எப்படி முறையிட முடியும்? இது வெறும் சொல்விளையாட்டு என்று ஒதுக்கத்தக்கதல்ல. ஆனால் பார்ஃபிட்டேகூட இதிலிருந்து எதிர்காலத்தைக் கைவிடலாம் என்ற முடிவுக்கு வரவில்லை. நம் கடமைக்கு வேறு அடிப்படை தேட வேண்டும் என்றே கருதினார். அந்த அடிப்படையைப் பாதுகாவலரின் பொறுப்பில் காணலாம். பிறக்கப்போகிறவர் எவராக இருந்தாலும் அவருக்குக் குடிநீரும், தாங்கக்கூடிய வெப்பமும், காலூன்ற நிலமும் வேண்டும். இன்னார் என்று பெயர் குறிக்க முடியாததால் இந்தத் தேவை இல்லாமல் போய்விடுவதில்லை. காப்பாளரின் கடமை, வரப்போகிறவர் யார் என்பதைப் பொறுத்ததன்று. யாராவது வரப்போகிறார் என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது மறுப்பு தென்னுலகிலிருந்து வருகிறது. இன்று பசித்திருப்பவர் கோடிக்கணக்கில் இருக்கும்போது, நாளை பிறப்பவருக்காக அவர்களின் வளர்ச்சியைத் தடுப்பது அறமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் எவரும் இந்தியாவிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ ஒரு குழுவில் அமரத் தகுதியற்றவர். ஆனால் உடன்படிக்கையின் அதே மூன்றாம் பிரிவு, சமநீதியையும், பொதுவானவையாயினும் வேறுபட்ட பொறுப்புகளையும் வருங்காலத் தலைமுறைகளோடு ஒரே வாக்கியத்தில் சேர்த்தே வைத்திருக்கிறது. சொத்தைக் காப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அதில் பெரும்பங்கை ஏற்கெனவே செலவழித்தது யார் என்பதைத்தான். 2024இல் பாகு மாநாட்டில் வளரும் நாடுகளின் காலநிலை நடவடிக்கைகளுக்காக 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டுவது என்ற இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. இது தேவைக்கு மிகக் குறைவு என்று வளரும் நாடுகள் அங்கேயே முறையிட்டன. பிறவாதோரின் பெயரைச் சொல்லி இன்றைய ஏழைமீது சுமையேற்றுவது பாதுகாவலர் பொறுப்பைத் திரித்துப் பயன்படுத்துவதாகும். இதை அடையாளம் காணும் கூர்மையைப் பயிற்சி தர வேண்டும்.

மூன்றாவது மறுப்பு இளைஞர்களிடமிருந்தே எழுகிறது. 1992இல் காற்றில் கரியமில வாயுவின் செறிவு பத்து லட்சத்தில் சுமார் 356 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இத்தனை மாநாடுகளும் இதைத் தடுக்கவில்லை. அந்த அறைக்குள் போய் அமர்வது தோல்விக்கு அலங்காரமாகிவிடாதா, வெளியே நின்று போராடுவதே நேர்மை அல்லவா என்கிறார்கள். போராட்டம் தேவைதான், அது இல்லாவிட்டால் அரசுகள் அசையாது. ஆனால் அசைந்த அரசுகளை எழுத்தில் கட்டிப்போடுவது வேறு வேலை. 2019இல் வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர் ஒரு யோசனையோடு தொடங்கினார்கள். காலநிலை தொடர்பாக நாடுகளுக்குள்ள கடமைகள் எவை என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும் என்பதே அது. பசிபிக் தீவு அரசுகளின் ஆதரவைத் தேடினார்கள். வனுவாட்டு அரசு அதைத் தன் கோரிக்கையாக ஏற்று உலகெங்கும் எடுத்துச்சென்றது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை எதிர்ப்பின்றித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை ஒருமனதாக வெளியிட்டது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், அதை மீறுவது சர்வதேசச் சட்டப்படி தவறாகும் என்றும் அது சொன்னது. கருத்து மட்டும் உமிழ்வைக் குறைத்துவிடாது. ஆயினும் இனி வரும் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் பலவீனமான நாடு ஒன்று காலூன்றிக்கொள்ள அது ஒரு தரை. அந்த மாணவர்களிடம் இருந்தது ஆவேசம் மட்டுமல்ல. சட்டக் கல்வியும், யாரை எந்த வரிசையில் அணுகுவது என்ற அறிவும், ஆறு ஆண்டுப் பொறுமையும் இருந்தன.

பொறுமை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கடல்மட்ட உயர்வால் பாதிக்கப்படும் நாடுகளுக்கு இழப்பீடு வழங்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று வனுவாட்டு, சிறு தீவு நாடுகளின் சார்பில், 1991இலேயே கேட்டது. இழப்பு, சேதங்களுக்கான நிதியம் அமைக்க முடிவானது 2022இல், எகிப்தின் ஷர்ம் எல் ஷேக் மாநாட்டில். இடையே 31 ஆண்டுகள். கருத்தொற்றுமையால் முடிவெடுக்கும் அவையில் ஒரு பத்தியைச் சுற்றி, இன்னும் உடன்பாடு இல்லை என்பதைக் குறிக்கும் அடைப்புக்குறிகளை நீக்கவே ஆண்டுகள் பிடிக்கலாம். எதை எப்போது யார் விட்டுக்கொடுத்தார் என்ற நினைவு கைமாறாமல் அறுந்துபோனால், பணம் படைத்த பெரிய குழுக்களே வெல்லும். ஆகவே ஒரு மாநாட்டுக்கு அழைத்து, மேடையில் ஏற்றிப் படமெடுத்து, மறுமுறை வேறொருவரை அழைப்பது பயிற்சியாகாது. இளைஞரைத் தேசியக் குழுவில் தொடர்ந்து பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மாநாடுகளுக்கு இடையே ஜூனில் பான் நகரில் நடக்கும் அமர்வுகளுக்கும் அனுப்ப வேண்டும். குறிப்பிட்ட ஒரு பொருளை அவரிடம் ஒப்படைத்து, வரைவைத் திருத்தும் அதிகாரத்தையும், முடிவுக்கு விளக்கமளிக்கும் கடமையையும் தர வேண்டும்.

அரசுக் குழுவில் அமர்பவர் அரசின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர். அவர் எப்படிப் பிறவாதோருக்குத் தூதராவார் என்று கேட்கலாம். அந்த முரண் உண்மையானது, முழுமையாகத் தீராது. ஆனால் ஆணை உருவாகும் இடத்திலேயே அவர் இருந்தால், மேசைக்கு வருவதற்கு முன்பே ஆணையைக் கேள்வி கேட்க முடியும். எங்கே கீழ்ப்படியலாம், எங்கே எழுத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டும், எங்கே விலக வேண்டும் என்று பிரித்தறியும் மனச்சாட்சியை வளர்ப்பதே இந்தக் கல்வியின் கடினமான பகுதி. நடைமுறை விதிகளை ஒரு மாதத்தில் கற்றுத்தரலாம். தமக்கு ஆணையிடவோ நன்றி சொல்லவோ முடியாத மக்களுக்குக் கணக்குக் கொடுக்கும் பழக்கத்துக்கு ஒரு வாழ்நாள் பிடிக்கும். அதனால்தான் அதை இளமையிலேயே தொடங்க வேண்டும். இளைஞருக்கு அந்த அறையில் இடம் தருவதற்கு மிக வலுவான காரணமும் இதுவே.