பாடும் உரிமை யாருக்கு?

இங்கிலாந்தின் ஊர்கள் பலவற்றில் 'ஃபோக் கிளப்' எனப்படும் நாட்டுப்பாடல் மன்றங்கள் உண்டு. 1950-களில் தோன்றி 1960-களில் பெருகிய இம்மன்றங்களுள் பல, 'பப்' என்னும் மதுவிடுதியின் பின்னறையிலோ மாடியறையிலோ கூடுகின்றன. சில மாலைகளில் அங்கே அழைக்கப்பட்ட பாடகர் என்று எவரும் இரார். மேடையும் ஒலிபெருக்கியும் இரா. சுற்றி அமர்ந்திருப்போர் ஒருவர்பின் ஒருவராக ஆளுக்கொரு பாட்டுப் பாடுவர். பல்லவி வரும்போது அறை முழுவதும் சேர்ந்துகொள்ளும். பாட மனமில்லாதவர் அடுத்தவரைக் கைகாட்டிவிடலாம். ஏன் என்று யாரும் வினவார். 'சிங்கரவுண்ட்' என்பது இதற்கு அவர்கள் வழங்கும் பெயர்.

அந்த வட்டத்தில் நல்ல குரல்வளம் உடையோரும் உண்டு. சுருதியை விட்டு அலைவோரும் உண்டு. தேர்ந்தவர் ஒருவர் பாடி முடித்து அறையே நெகிழ்ந்திருக்கும் வேளையில், அடுத்த இருக்கைக்காரர் நடுங்கும் கையில் தாளைப் பிடித்தபடி தொடங்குவார், சுருதி உயர்ந்துவிட்டதென்று நிறுத்துவார், மீண்டும் தொடங்குவார். அவருக்கும் அதே அமைதி கிடைக்கிறது. முடிவில் அதே கைதட்டலும் கிடைக்கிறது. இது அன்பா, பொய்யா?

எளிதில் தள்ளிவிடத்தக்க வினாவன்று இது. அம்மன்றங்களின் முன்னோடிகளுள் ஒருவரான யூவன் மெக்கால், மக்களின் பாட்டு என்பதற்காக அதனை ஏனோதானோவென்று பாடிவிடலாகாது என்பதில் உறுதியாயிருந்தார். 1964-இல் இளம் பாடகர்களைக் கொண்டு 'கிரிட்டிக்ஸ் குரூப்' என்னும் குழுவை அமைத்தார். ஒருவர் பாட, மற்றவர்கள் அதனைத் திறனாய்ந்து குறைகளை எடுத்துரைப்பது அங்கு நடந்த பயிற்சி. 1970-களின் தொடக்கத்தில் அக்குழு கசப்போடு கலைந்தது. எனினும் மெக்கால் பக்கம் நியாயமில்லை என்று நாம் கூறத் துணியோம். தலைமுறைகள் பல கடந்து வாய்வழி வந்த ஒரு பாட்டை, இரண்டு வரிகூட மனத்தில் இருத்தாமல் வந்து பாடுவது அப்பாட்டுக்கே செய்யும் அவமதிப்பு அன்றோ!

ஆயினும் முறை என்பது வேறு, பரிசு என்பது வேறு. போட்டி மேடையில் திறமையே நமக்குரிய நேரத்தை ஈட்டித் தருகிறது. வட்டத்திலோ, வந்து அமர்ந்தமையே போதுமானது. சுருதி தவறியவரிடம், "அருமையாகப் பாடினீர்கள்" என்று சொன்னால் அது பொய்தான். அவர் பாடி முடிக்கும்வரை முகஞ்சுளிக்காமல் செவிசாய்ப்பதில் என்ன பொய் இருக்கிறது?

இதனை நாம் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், பாடகர் குழுவில் அடிக்கடி சுருதி பிசகிய முதியவர் ஒருவரிடம், "பெரியவரே, இனி நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்" என்று கனிவாகவே சொன்னோம். உண்மையைத்தான் சொன்னோம். மறுவாரமே பாட்டு சீரடைந்தது, பாராட்டும் வந்தது. அம்முதியவரோ அதன்பின் வாசல் தூணருகே நின்றுகொண்டார். எல்லாரும் சேர்ந்து பாடும் வரிகளிலும் அவர் உதடுகள் அசையவில்லை. பீடத்திலிருந்து அதனைப் பலமுறை கண்டோம். மீண்டும் பாட வாருங்கள் என்று அழைக்க நமக்கு வாய் வரவில்லை.

அம்மன்றங்களில் பாடப்படுபவை யாரிடமிருந்து வந்த பாடல்கள் என்பதையும் எண்ணவேண்டும். 1903-இல் சாமர்செட் வட்டாரத்து ஹாம்பிரிட்ஜ் ஊரில், சார்ல்ஸ் மார்சன் என்ற ஆங்கிலிக்கன் குருவின் இல்லத் தோட்டத்தில் செசில் ஷார்ப் என்னும் இசை அறிஞர் அமர்ந்திருந்தார். தோட்டக்காரர் ஜான் இங்கிலாந்து புல் வெட்டியவாறே ஒரு காதல் பாட்டைப் பாடினார். எவரும் கேட்கவேண்டும் என்று அவர் பாடவில்லை. ஷார்ப் அதனை உடனே குறித்துக்கொண்டார். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பாடல்களைத் திரட்டிய அவருடைய பெரும்பணிக்கு அதுவே தொடக்கமாயிற்று. அன்று மாலையே விருந்தொன்றில் அதே பாட்டைப் பயிற்சி பெற்ற பாடகி ஒருவர் பாட, ஷார்ப் பியானோ வாசித்தார். கூடியிருந்தோர் பெரிதும் மகிழ்ந்தனர். ஜானுக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பியானோ மட்டும் அவருக்கு ஒப்பவில்லையாம். அவர் பாடிய பாட்டில் அது இல்லையே.