பங்கும் பாத்தியதையும்

குடும்பத்தின் பெரியவர் ஒருவர் சிவபதமடைந்து, முப்பத்தோராம் நாட் கிரியைகளும் நிறைவேறி, வந்திருந்த உறவினர் ஊர் திரும்பும் வேளையில், அவ்வீட்டுத் திண்ணையில் மெல்ல ஒரு பேச்சுத் தொடங்கும். வயல் ஆருக்கு, வளவு ஆருக்கு, உறுதி ஆரிட்ட இருக்கு என்பதே அப்பேச்சு. இதைத் தொடங்குவதே பாவம் என எண்ணும் பெரியோர் எம்மிடையே உள்ளனர். ஆனால் பேசாமல் விடப்பட்ட வயல் பேரப்பிள்ளைகள் காலத்தில் இருபது முப்பது பேருக்குப் பொதுவாகிவிடும். அப்போது அதை விற்கவும் இயலாது, ஈடு வைக்கவும் இயலாது. ஆதலால் பேசுவதில் பிழையில்லை. எப்படிப் பேசுவது, எதைக் கேட்பது என்பதிலேயே அறம் தங்கியுள்ளது. சட்டம் ஒருவருக்குத் தரும் பங்கு முழுவதையும் அவர் கேட்டு வாங்குவது நியாயமா என்ற வினாவை இங்கு சிறிது சிந்திப்போம்.

எமது மட்டக்களப்புப் பிரதேசத்திற்கு இவ்வினா தனிச் சிறப்புடையது. இங்கே குடி தாய்வழியாக வருவது. திருவிழா உபயம், வண்ணக்கர் உரிமை, கோயில் முற்றத்தில் நிற்கும் இடம் வரை தாயின் குடியைக் கொண்டே எம்மவர் அறியப்படுகின்றனர். சொத்தும் ஒரு காலத்தில் அவ்வழியே சென்றது. முதுசொம் என்பது தாய்வழிக்குரியது, தாய்மாமனிடமிருந்து மருமக்களுக்குச் செல்வது என்பதே முக்குவர் சட்டத்தின் சாரம். அச்சட்டத்தைப் பற்றிக் கிறிஸ்தோப்பர் பிறிற்றோ 1876 இல் நூலொன்றை வெளியிட்டார். விந்தை என்னவெனில், அதே 1876 இல்தான் 15 ஆம் இலக்க விவாக உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டம் பிறந்து, அந்த வழமையை நீதிமன்றத்திலிருந்து அகற்றியது. வடக்கில் உள்ளோருக்குத் தேசவழமை இன்றும் இருக்கின்றது. எமக்கோ பொதுச் சட்டமே உள்ளது. கோயில் வாசலில் எம் குடி என்ன என்று கேட்பார்கள். நீதிமன்ற வாசலில் அதைக் கேட்பார் இல்லை.

அப்பொதுச் சட்டம் கூறுவது என்ன? மரணசாதனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவர் சொத்தில் பாதி வாழ்க்கைத் துணைக்கு. மீதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாக. படுவான்கரையில் நான்கு ஏக்கர் வயலும், மனைவியும், இரு பெண்களும் இரு ஆண்களும் உள்ள ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மனைவிக்கு இரண்டு ஏக்கர். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அரை ஏக்கர். கணக்கு நேர்த்தியானதுதான். ஆனால் மூத்த மகளின் கலியாணத்தின்போது தகப்பன் தன் பேரில் இருந்த வீட்டையும் வளவையும் சீதன உறுதி எழுதிக் கொடுத்தார் என வைத்துக்கொள்வோம். இளையவளுக்கு இன்னும் கலியாணமாகவில்லை, வீடுமில்லை. இப்போது நால்வருக்கும் அரை ஏக்கர் என்பது சமமா?

இங்கே பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அதே கட்டளைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு, கலியாணத்தின்போதோ வாழ்வில் நிலைபெறுவதற்காகவோ பெற்றோரிடம் மற்றவர்களைவிட மேலதிகமாகப் பெற்ற பிள்ளை, உடன்பிறந்தாருடன் சேர்ந்து பங்குக்கு வரும்போது, பெற்றதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கின்றது. பெற்றோர் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ அதற்கு விலக்களித்தது நிரூபிக்கப்பட்டால் மட்டுமே அப்பொறுப்பு நீங்கும். ஆக, முன்பு பெற்றதை மறைத்துக்கொண்டு சம பங்கு கேட்பவர் சட்டத்தின் பெயரால் கேட்கின்றார் எனினும், அச்சட்டத்தை முழுமையாகப் படித்தவர் அல்லர். கேட்பதற்கு முன் பெற்றதை எண்ணுவது தருமம் மட்டுமல்ல, வழக்கின் விதியும் அதுவே.

இது பெண்களுக்கு மட்டும் கூறப்படுவது என்று எவரும் எண்ணிவிடலாகாது. எம் ஊர்களில் ஆண்மகன் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டிற்கே செல்கின்றான். அங்கே மாமன் மாமியின் வீடு அவனுக்கு நிழலாகின்றது. அவ்வீட்டில் இருந்துகொண்டு, தன் தாய்வீட்டில் கலியாணமாகாத தங்கையின் அரை ஏக்கருக்குப் பக்கத்தில் தன் அரை ஏக்கரையும் அளந்து கேட்பது அவனுக்கு உரிமைதான். ஆயினும் எமது முன்னோர் தமையன்மார் வெட்டிச் சேர்த்த நெல்லில் தங்கைக்கு வீடு கட்டியவர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் நிலை வேறு. அனுப்பிய பணத்திலேயே வயல் வாங்கப்பட்டிருந்தால் அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. கேட்கவும் மாட்டாமல், விட்டுக் கொடுக்கவும் மாட்டாமல், அற்றோர்ணித் தத்துவமும் அனுப்பாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பதே பெருந்தீங்கு. ஒருவர் கையொப்பம் இல்லாமையால் மற்ற மூவரும் கட்டுப்பட்டுக் கிடப்பர்.

பிணக்கு முற்றினால் பங்குடையோர் எவரும் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்கிடலாம். பிரிக்க இயலாத காணி விற்பனைக்கும் போகலாம்.

சொத்துப் பெறுமதி சட்டம் குறித்த எல்லையைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குத் தொடர வேண்டியுள்ளது. மரண அத்தாட்சிப் பத்திரம், உறுதிகள், வாரிசுகளின் விபரம், சத்தியக்கடதாசி, பத்திரிகை விளம்பரம் என அது நீளும். அலைச்சலுக்கு அஞ்சி ஒதுங்குவோர்க்கு ஆறுதலாக ஒன்று: மரணவரி 1985 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பழைய அச்சம் இனி வேண்டியதில்லை. வழக்கில் நிர்வாகியாக நியமிக்கப்படுபவர் பெரும்பாலும் மூத்த பிள்ளையாக இருப்பார். அவர் செய்யும் பிழை, நியமனப் பத்திரம் கைக்கு வந்தவுடன் சொத்தே தமது என எண்ணுவது. அவர் நிலை கோயில் வண்ணக்கர் நிலையைப் போன்றது. திறப்பு அவர் கையில், பண்டசாலை அவருடையதன்று. சொத்து விபரமும் கணக்கும் நீதிமன்றிற்குக் காட்ட வேண்டிய கடமை அவருக்குண்டு. தங்கை கணக்குக் கேட்டால் கோபிப்பது முறையாகாது.

பேர்மிற் காணிகளுக்கு இவ்வழி பொருந்தாது. அவை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திற்கு உட்பட்டவை. பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரின் பெயரைப் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் துணைக்குப் பின் வாரிசு வரிசையில் ஆண்பிள்ளையையே முதலில் வைத்திருந்த ஏற்பாடு 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் மாற்றப்பட்டது. பெண்ணுக்கே வீடு என்றிருந்த எம் மண்ணில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் தாளில் ஆணே முன்னின்றான். 2004 மார்கழி கடற்கோளின் பின்னும் இதுவே நடந்தது. பல இடங்களில் புதிய வீடுகள் குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவனுக்கு எழுதப்பட்டன. அழிந்த வீடோ மனைவியின் சீதனம். அத்தகைய வீட்டைப் பற்றி நாளை பிள்ளைகள் கதைக்கும்போது, பத்திரத்தில் உள்ள பெயரை மட்டும் பார்ப்பது போதாது.

இவையெல்லாம் இறந்தவர் இறந்தார் என்று தெரிந்த வீடுகளின் கதை. தெரியாத வீடுகளும் எம்மிடையே உள்ளன. கணவன் காணாமற் போன பெண், மரண அத்தாட்சி எடுத்தால்தான் பங்கு நடக்கும் என்ற நிலையில் நெடுங்காலம் நின்றாள். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் போரினால் காணாமற் போனோரின் மரணத்தைப் பதிய வழி செய்தது. அதை எடுப்பது தன் கையாலேயே கொள்ளி வைப்பது போன்றது எனப் பலர் மறுத்தனர். 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் காணாமற்போன சான்றிதழ் என்ற ஒன்றைத் தந்தது. இறந்தார் என்று ஒப்பாமலே உதவிகள் பெறவும், சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் அது இடமளிக்கின்றது. மைத்துனர்மார் சிலர், வயலைப் பிரிப்பதற்காக மரண அத்தாட்சி எடு என்று அவளை நெருக்குவதுண்டு. அவர்கள் பங்கில் அவர்களுக்குப் பாத்தியதை இருக்கின்றது. ஆனால் ஒரு பெண்ணைத் தன் கணவன் இறந்தான் என்று கையொப்பமிடச் சொல்லும் பாத்தியதை எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை. விளைந்த நெல்லில் அவன் பங்கை அவளுக்கும் பிள்ளைகளுக்கும் அளந்து கொடுத்துவிட்டு, வயலை அப்படியே வைத்திருக்கலாம். அவள் எடுக்கும் நாளில் எடுக்கட்டும்.